வேரில் குடியிருக்கும் தம்பி

அன்று அந்த இருட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நாற்றுப் பண்ணையின் பெரியவர், அவருடைய மூத்த மகள், மகன், மருமகள், கண்ணாடிக் கூடாரங்களில் காய்கறி பயிரிடும் வியாபாரி, அப்புறம் அந்த அறையின் நுண்ணோக்கியைக் காத்துவந்த ஆபரேட்டர். இந்த ஆபரேட்டரை ஆய்வகம் முழுவதும் ஆந்தை என்றுதான் அழைத்தது. பகலெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதரை வேறு எப்படி அழைப்பது? அவரும் அதற்குக் கோபித்ததில்லை. பெரியவரின் மனைவி வரவில்லை. "என் கொழுந்தன் கண்டுபிடிச்சதை நான் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துதான் நம்பணுமா?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அவரும் அங்கே இருந்ததாகச் சொல்கிறவர்கள் தெரியாமல் சொல்கிறார்கள்.

இவர்கள் எல்லாரும் அந்த அறைக்கு வந்ததற்குக் காரணம் வியாபாரியின் வாய்.

பண்ணையில் நாற்றுகளோடு சேர்த்து ஒரு பொடியும் விற்பார்கள். வேரில் ஒட்டி வாழும் பாக்டீரியா அதில் இருக்கிறது. பெரியவரின் தம்பி பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியராக இருந்தவர். ஒரு வருஷம் வாடல் நோய் வந்து பண்ணையின் தக்காளிப் பாத்தி முழுவதும் தலை தொங்கியபோது, நடுவில் ஒரே ஒரு செடி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றது. அதன் வேரை வெட்டி எடுத்துப்போய், பள்ளிக்கூட ஆய்வகத்தில் அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் அந்தப் பாக்டீரியா. அதற்கு நீளமாக ஒரு விஞ்ஞானப் பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. கண்டெடுத்தவர் காலமான பிறகு, குளிர்பெட்டியில் இருந்த குப்பியைக் காட்டிப் பெரியவர், "தம்பியோடதைப் பத்திரமா வைங்க" என்று சொல்லப்போக, நாளடைவில் பாக்டீரியாவுக்கே தம்பி என்று பெயராகிவிட்டது. "தம்பிக்குச் சூடு ஆகாது", "தம்பியை இன்னைக்குப் பொடியில கலக்கணும்" என்று அந்த வீட்டில் பேசுவதைக் கேட்டால், புதிதாக வந்தவர்கள் உள்ளறையில் ஒரு நோயாளி படுத்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். மருமகளும் கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தாள்.

அந்தப் பொடியைப் பற்றித்தான் வியாபாரி பண்ணை முற்றத்தில், வேலையாட்கள் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "செடி வளர்றது நீங்க கலக்கிற சத்துனால, ஐயா. பாக்டீரியாவெல்லாம் மண்ணுல விழுந்த மறுநாளே செத்துப் போயிடும். பாக்கெட் மேலதான் உசுரோட இருக்கு."

பெரியவர் குரலை உயர்த்தவில்லை. அவர் எதற்கும் உயர்த்துவதில்லை. "என் மருமக அந்தப் படிப்புதான் படிச்சிருக்கா. வேர்ல இருக்கா இல்லையான்னு உங்க கண்ணாலயே பாருங்க. இல்லைன்னு ஆச்சுன்னா, அன்னைக்கே பொடியை நிறுத்திடறேன்."

சொன்னது அவர். செய்ய வேண்டியது மருமகள்.

வேரில் பாக்டீரியாவைப் பார்ப்பது சுலபமான காரியம் அல்ல. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும். அதில் நம் வீட்டுப் பிள்ளை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக மருமகள் தம்பிக்கு ஒரு விளக்கைக் கொடுத்தாள். கடலில் வாழும் ஒரு ஜெல்லி மீனுக்கு, நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும் குணம் உண்டு. அந்த ஒளிக்கு உரிய மரபணுவை ஒரு சின்ன வளையத்தில் கோத்துத் தம்பிக்குள் செலுத்தினாள். பிறகு பண்ணை மண்ணை நிரப்பிய தொட்டிகளில், ஆய்வகத்தின் மூடிய வளர்ப்பு அறையிலேயே, அந்தப் பாக்டீரியாவில் நனைத்த தக்காளி நாற்றுகளை நட்டாள். முதல் வாரம் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் முழுவதும் பச்சைப் புள்ளிகள் ஜொலித்தன. ஓடிவந்து வீட்டில் சொன்னாள்.

பெரியவர் சந்தோஷப்படவில்லை. "இனிமே பார்க்காதே" என்றார்.

"ஏன் மாமா?"

"விருந்தாளிக்குப் போடறதுக்கு முன்னாடி நாம எடுத்து ருசி பார்க்கிறது இந்த வீட்டுப் பழக்கம் இல்லை. நீ முன்னாடியே பார்த்து, நல்ல செடியாப் பொறுக்கி வச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது. எல்லாரும் பார்க்கும்போது நாமும் பார்ப்போம்."

வேறு எந்த ஆய்வகத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது. வாரத்துக்கு வாரம் ஒரு வேரைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் முறை. ஆனால் மாமனார் சொல்லை மீற அவளுக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. தொட்டிகளைத் தொடாமல் விட்டாள்.

அந்தத் தொட்டிகளில் ஒன்றைத்தான் சில வாரம் கழித்து, அன்று எல்லார் முன்னாலும் கவிழ்த்து, வேரைக் கழுவி, கண்ணாடிச் சில்லில் வைத்து ஆந்தையிடம் கொடுத்தாள். ஆந்தை விளக்கை அணைத்தார். திரையில் வேர் தெரிந்தது, நீளமாக, மங்கலான பச்சையும் மஞ்சளும் கலந்து மினுங்கிக்கொண்டு.

"அய்யோ, இருக்கான்!" நாத்தனார் கைதட்டிவிட்டாள். "அப்பா, தம்பி இருக்கான்! சித்தப்பா ஜெயிச்சுட்டாரு!"

"பச்சையாத்தான் இருக்கு" என்றார் வியாபாரி, மனமில்லாமல்.

"பச்சையாவா? கல்யாண வீடு மாதிரி சீரியல் லைட்டே போட்டிருக்கான்" என்றான் மகன்.

பெரியவர் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மருமகள் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள். திரையில் இருந்தது தம்பி அல்ல. வேரின் தோலுக்கே நீல ஒளி பட்டால் இப்படி ஒரு மினுமினுப்பு உண்டு. எந்தச் செடிக்கும் உண்டு. பாக்டீரியா இருந்தால் தனித்தனிப் புள்ளியாக, கூர்மையாகத் தெரிய வேண்டும். ஒரு புள்ளிகூட இல்லை. அவள் ஆந்தையைப் பார்த்தாள். ஆந்தைக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அடுத்த வீட்டுக் காரியம் என்று அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும். விளக்கைப் போட்டு, கைகொடுத்து, எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். பொடி பிழைக்கும், பெரியவரின் சொல் பிழைக்கும், செத்துப்போனவரின் பேரும் பிழைக்கும்.

"அது தம்பி இல்லை, மாமா."

நாத்தனார் திரும்பினாள். "என்னது?"

"வேரோட சொந்த வெளிச்சம் அது. பாக்டீரியா போடாத செடியிலயும் இப்படித்தான் தெரியும்." அவள் ஆந்தை பக்கம் திரும்பினாள். "அந்தச் செடியையும் காட்டுங்க சார்."

ஆந்தை சில்லை மாற்றினார். பாக்டீரியாவே படாத செடியின் வேர். அதே மினுமினுப்பு.

"அப்போ தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"காணோம் மாமா."

பெரியவர் எழுந்து சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். வியாபாரியைப் பார்த்து, "நான் சொன்னது ஞாபகம் இருக்கு. நாளையிலேர்ந்து பொடி போகாது" என்றார். வியாபாரிக்கே சங்கடமாகிவிட்டது. "அவ்வளவு அவசரம் இல்லீங்க ஐயா" என்று முனகினார். அவசரம் உண்டா இல்லையா என்பது பெரியவருக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "தவளை தன் வாயால கெடும்பாங்க. நம்ம வீட்டுக்குக் கெடுதல் வெளியிலேர்ந்து வர வேண்டாம். அந்த ஆளே பச்சைன்னு ஒத்துக்கிட்டான். உனக்கு என்னம்மா வந்துச்சு? அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா நீ?"

"அக்கா, சும்மா இரு" என்றான் மகன்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? பேச வேண்டாத இடத்துல பேசினவங்களைச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கணும்."

முன் இருக்கையிலிருந்து பெரியவர் திரும்பாமலே சொன்னார்: "பொய்யால நிக்கிற பேரு நமக்கு வேண்டாம். அவளை இது விஷயமா இந்த வீட்டுல யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது, அதுதான் கஷ்டம். பொடி கலக்கும் அறை பூட்டப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களைப் பெரியவர் நாற்றுத் தட்டுகளுக்கு மாற்றினார். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மருமகள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். முதல் வாரம் அத்தனை பிரகாசமாக இருந்த தம்பி எப்படிச் செத்தான்? அவள் கையால் செத்தானா? அந்தக் குப்பியில் இருந்தது அந்த வீட்டில் ஒருவருடைய உயிர். அதைத்தான் தன் கையால் கொன்று, எல்லாருக்கும் காட்டிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆய்வகத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. சோதனை முடிந்த தொட்டிகளைக் கொதிநீராவியில் வேகவைத்துத்தான் கொட்ட வேண்டும். அதற்கு முன் கடைசியாக ஒரு முறை வேர் கழுவிய நீரை ஊட்டக்கூழ் தட்டில் தடவி, என்ன வளர்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மருமகள் அழுது வீங்கிய கண்ணோடு அந்த வேலையைச் செய்தாள். தட்டு வார்க்கும்போது ஒன்றை மறந்துபோனாள்.

அவள் எப்போதும் அந்தக் கூழில் ஒரு மருந்தைச் சேர்ப்பாள். ஒளி வளையம் உள்ள பாக்டீரியாவை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கொல்லும் மருந்து; அதைத் தாங்கும் மரபணுவும் அந்த வளையத்தில்தான் இருந்தது. மண்ணில் இருக்கிற ஊர்பேர் தெரியாத கூட்டத்தை ஒதுக்கிவிட்டுத் தம்பியை மட்டும் வளரவைக்க அதுதான் வழி. கல்லூரிக் காலத்திலிருந்து அவள் கை தானாகச் செய்யும் காரியம் அது. அன்று கை செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தட்டைத் திறந்தபோது, மறதியை உணர்ந்து முதலில் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தட்டு முழுவதும் விதவிதமான புள்ளிகள். தூக்கி எறியப் போனவள் நின்றாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், இங்கும் அங்குமாக நிறையவே, ஆரஞ்சு நிறத்தில் ஓரம் சுருங்கிய புள்ளிகள் இருந்தன. அந்தச் சுருக்கம் அவளுக்குத் தெரிந்த சுருக்கம். வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வளர்த்தால் தம்பி அப்படித்தான் இருப்பான்.

நீல விளக்கைக் காட்டினாள். ஆரஞ்சுப் புள்ளிகள் ஒளிரவில்லை. ஒளிராமல் கிடந்த அத்தனைக்கும் நடுவில் ஒன்றே ஒன்று பச்சையாகக் கண்ணைச் சிமிட்டியது.

தம்பி சாகவில்லை. விளக்கைத்தான் தொலைத்துவிட்டான். ஒளி மரபணுவை அவள் தனி வளையமாக அல்லவா கொடுத்திருந்தாள்? அதைச் சுமப்பது பாக்டீரியாவுக்கு வீண் பாரம். மருந்து இருக்கும் இடத்தில் அந்த வளையம் உயிர் காக்கும், அதனால் விடாமல் பிடித்துக்கொள்ளும். பண்ணை மண்ணில் மருந்து ஏது? ஒன்று இரண்டாகப் பிரியும்போது ஒரு பிள்ளைக்கு வளையம் போகாமல் விட்டுப்போகும். பாரம் இல்லாத பிள்ளை வேகமாகப் பெருகும். சில வாரத்தில் குடும்பமே இருட்டில் வாழப் பழகிவிடும். அவளோ இத்தனை நாளும் தட்டுக்குத் தட்டு மருந்தைக் கலந்து, விளக்கு ஏந்தியவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரஞ்சுப் புள்ளிகளின் மரபணுவை வீட்டுக் குப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தாள். பொருந்திவந்தது. சாயங்காலம் கணவனிடம்தான் முதலில் சொன்னாள்.

"அப்போ அவன் டார்ச் லைட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பார்த்திருக்கான். நாம டார்ச்சைக் காணோம்னு கருமாதி பண்ணிட்டோம்!" என்று அவன் சிரித்த சிரிப்பில் நாத்தனார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பெரியவர் முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "சந்தோஷம்" என்றார்.

"பொடியைத் திரும்ப ஆரம்பிச்சிடலாமாப்பா?" என்றான் மகன்.

"இல்லை."

"அதான் மரபணு பொருந்திடுச்சே மாமா" என்றாள் மருமகள்.

"உனக்குப் பொருந்திடுச்சு. எனக்கும் பொருந்திடுச்சு. ஆனா நம்ம பேரு எல்லார் முன்னாடியும் கீழே விழுந்துச்சு. ரகசியமா எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்க முடியாது. அதே ஆளுங்க, அதே அறை, வேர் மேல கண்ணால பார்க்கணும். உன்னால முடியுமா?"

"முடியும் மாமா. மாசக் கணக்காகும்."

"ஆகட்டும்."

ஆயிற்று. இந்த முறை ஒளி மரபணுவை வளையமாகத் தொங்கவிடாமல், தம்பியின் சொந்த மரபிழையிலேயே கோத்துவிட முடிவு செய்தாள். அப்படிச் செய்தால் கழற்றி எறிய முடியாது. பிள்ளைக்கும் பேரனுக்கும் தானாகப் போய்ச் சேரும். ஆனால் தம்பி லேசில் மசியவில்லை. முதலில் இழையில் ஒட்டவே இல்லை. அப்புறம் ஒட்டியது, ஒளிரவில்லை. பிறகு ஒளிர்ந்தது, ஆனால் சோனியாக வளர்ந்தது. முக்கியமான ஏதோ ஒரு மரபணுவின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. "பிடிவாதத்துல எங்க சித்தப்பாவேதான்" என்றாள் நாத்தனார் ஒரு நாள், தன்னை மறந்து. மாதங்களுக்குப் பிறகு அவள் மருமகளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அதற்கு அடுத்த வாரம் நாத்தனாரே ஒரு தட்டு நிறையத் தக்காளி நாற்றுகளோடு ஆய்வக வாசலில் வந்து நின்றாள்.

"இதுல போட்டுப் பாரு. அன்னைக்கு நீ காட்டின செடியெல்லாம் செடியா? பட்டினி கிடந்த கொக்கு மாதிரி. நம்ம பண்ணை நாத்துல போடு, அவனுக்கும் குடியிருக்கத் தோணும்."

"சரி அண்ணி."

"இதையும் பார்க்காம மூடி வைக்கப் போறியா?"

"இல்லை. மாமாகிட்ட சொல்லிட்டேன். வாராவாரம் பார்ப்பேன், ஆந்தை சார் சாட்சியா. எந்தச் செடியைக் காட்டணும்னு அன்னைக்கு அந்த வியாபாரியே பொறுக்கட்டும்."

"அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"'அதுவும் நியாயம்தான்'னார்."

நாத்தனார் நாற்றுத் தட்டை அவள் கையில் கொடுத்தாள். "எங்கிட்ட ஒரு நாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுபடியும் அதே ஆறு பேர் அந்த அறையில் கூடினார்கள். வியாபாரி வளர்ப்பு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, கோடியில் இருந்த ஒரு தொட்டியைக் கைகாட்டினார். ஆந்தை இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. முதலில் பாக்டீரியா படாத வேரைத்தான் காட்டினார். "இது வேரோட சொந்த வெளிச்சம். எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க. மேடம், நீங்களும்" என்று நாத்தனாரைப் பார்த்தார். "அப்புறம் கையைத் தட்டக் கூடாது."

"நான் கையைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், ஆந்தையாரே."

பிறகு மற்றச் சில்லை வைத்தார்.

வேர் மங்கலாகத்தான் இருந்தது. அந்த மங்கலின் மேல், வேரின் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலிருந்த வரப்புகளில், சின்னச் சின்னப் பச்சைக் குச்சிகள் வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்திலிருந்து ஒரு கிளை வேர் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்த இடத்தில் அவை கூட்டமாக மொய்த்து, அந்தக் கிளையின் கழுத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையல் போட்டிருந்தன. ஆந்தை கூர்மையைத் திருகத் திருக, ஆழத்திலிருந்து இன்னும் இன்னும் வந்துகொண்டே இருந்தன.

"நுனியில ஒண்ணையும் காணோமே?" என்றார் வியாபாரி கடைசியில். குறை கண்டுபிடிக்கிற குரல் அல்ல அது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் குரல்.

"நுனி ஓடிக்கிட்டே இருக்குங்க. இவங்க பின்னாடி வந்து குடியேறுவாங்க" என்றாள் மருமகள். "கிளை வேர் உடைச்சுக்கிட்டு வர்ற இடத்துல செடியோட சத்து கசியும். அங்கதான் வீடு கட்டிக்கிறாங்க."

பெரியவர் திரைக்கு அருகில் போய் நின்றிருந்தார். "அப்போ நாம நாத்தோட பொடியைப் போடறது?"

"கொஞ்சம் முன்கூட்டியே போடறோம்னு தோணுது மாமா. கிளை வேர் விடற சமயத்துல இன்னொரு தரம் குடுத்தா நிறையப் பேர் ஒட்டுவாங்க. செஞ்சு பார்த்துதான் சொல்ல முடியும்."

"செஞ்சு பாரு."

வியாபாரி தொண்டையைச் செருமினார். "நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க ஐயா."

"அதை எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க" என்றார் பெரியவர்.

மறுநாள் காலையில் வியாபாரி பண்ணை முற்றத்துக்கு வந்து, வேலையாட்கள் எல்லாரும் கேட்கச் சொன்னார். நாத்தனார் சாவியை எடுத்துப்போய்ப் பொடி அறையைத் திறந்தாள். பெரியவர் மருமகளைக் கூப்பிட்டு, "பாக்கெட் மேல என்ன எழுதணும்னு இனிமே நீ சொல்லு. நீ ஒத்துக்காத ஒரு வார்த்தை அதுல இருக்கக் கூடாது" என்றார். அவள் இரண்டு வாக்கியங்களை வெட்டச் சொன்னாள். வெட்டினார்கள்.

இப்போது கடைவீதியில் ஒரு பேச்சு இருக்கிறது. பண்ணைக்காரர்கள் பழைய பாக்டீரியாவை விட்டுவிட்டார்கள், மருமகள் ஆய்வகத்தில் செய்த புதிய பாக்டீரியாவைத்தான் விற்கிறார்கள், விளக்கை அணைத்தால் பாக்கெட் பச்சையாக மின்னுகிறது என்கிறார்கள். அது தவறு. ஒளி ஏற்றிய பாக்டீரியா ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. பார்த்து முடித்ததும் தொட்டியோடு வேகவைத்துக் கொட்டிவிட்டார்கள். பாக்கெட்டில் இருப்பது, வாடாமல் நின்ற அந்த ஒற்றைத் தக்காளிச் செடியின் வேரிலிருந்து பெரியவரின் தம்பி எடுத்த அதே பாக்டீரியா. அது இருட்டில் மின்னாது.